கேஷும் காசும்: கல்லாவில் கேட்ட கேள்விகள்

மதுரை கீழமாசி வீதியில் என் தம்பிக்குப் பலசரக்கு மொத்தக் கடை. முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை நேரங்களில் நான்தான் அங்கே கல்லாவில் உட்காருகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். போன மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி ஊரெல்லாம் சுற்றியது: "ஆங்கிலேயனுக்குக் கேஷ் என்ற சொல்லைக் கொடுத்தவன் தமிழன். காசுதான் கேஷ் ஆனது. பகிருங்கள்!" அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

சார், அந்தச் செய்தி உண்மையா பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். ஆங்கிலத்தில் "கேஷ்" என்று ஒலிக்கிற பெயர்ச்சொற்கள் இரண்டு உண்டு. எழுத்துக்கூட்டலும் ஒன்றுதான், ஆனால் பிறந்த வீடு வேறு. "கேஷா, ஜிபேயா?" என்று நாம் இப்போது கேட்கிறோமே, அந்தக் கேஷ் நம் காசிலிருந்து வந்ததல்ல. அது ஐரோப்பாவுக்குள்ளேயே பிறந்தது. இன்னொரு கேஷ் இருந்தது, செம்பில் அடித்த சிறு நாணயத்துக்குப் பெயர். அது நம் காசேதான். பகிரப்பட்ட செய்தி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது.

அப்ப நாம தினமும் சொல்ற கேஷ் எங்கிருந்து வந்துச்சு?

பெட்டியிலிருந்து வந்தது. லத்தீன் மொழியில் "கப்ஸா" என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் "கஸ்ஸா" என்றும் பிரெஞ்சில் "கெஸ்" என்றும் ஆனது. வணிகர்கள் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதன் பொருள் பணப்பெட்டிதான். 1598இல் ஜான் புளோரியோ வெளியிட்ட இத்தாலி–ஆங்கில அகராதியில், "கஸ்ஸா"வுக்குப் பொருள் சொல்லும்போது வணிகரின் "கேஷ்" என்ற சொல் வருகிறது. அங்கே அது பெட்டியைத்தான் குறிக்கிறது. பிறகு மெல்ல மெல்லப் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஏறிக்கொண்டது. நாளடைவில் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து, பணம் என்பது மட்டும் நின்றது.

இப்படி நடக்குமா என்று யோசிக்கிறவர்கள் எங்கள் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றால் போதும். "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று தம்பி கேட்பான். அவன் கேட்பது பெட்டியின் நீள அகலத்தை அல்ல. "கல்லா கட்டிட்டான்" என்றால் பணம் பார்த்துவிட்டான் என்று பொருள். ஆங்கிலக்காரர் பேச்சில் நானூறு வருஷத்துக்கு முன் நடந்தது, நம் பேச்சில் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. இலக்கணத்தில் இதை இடவாகுபெயர் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கல்லாங்கறது தமிழ்ச் சொல்லா?

இல்லை, வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் "கல்லா" என்றால் கடைக்காரரின் பணப்பெட்டி, தானியம் என்றும் பொருள். அதன் வேர் அரபியில் விளைச்சலைக் குறிக்கும் சொல். நெல்லும் சோளமும் குவிந்த இடமே பணம் குவியும் இடமாக மாறிய வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது மிகவும் பிடித்த சொல்.

ரொக்கமும் வடக்கிலிருந்து வந்ததே. மராத்தியில் ரோக், இந்தியில் ரோகட்.

கேஷுக்கு ஆங்கிலத்துல சொந்தபந்தம் யாராவது உண்டா?

நிறைய. அவர்களில் பலர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். சூட்கேஸில் இருக்கும் "கேஸ்", அதே கப்ஸாவின் இன்னொரு பிள்ளை. மருந்துக்கடையில் வாங்குகிற கேப்சூல், "சின்னப் பெட்டி" என்று பொருள்படும் லத்தீன் சொல். பாட்டுக் கேட்ட கேசட்டும் சின்னப் பெட்டிதான். கேஷியர் என்பவர் அந்தப் பெட்டிக்குக் காவல் இருப்பவர்.

"கோர்ட்டுல கேஸ் போட்டாங்க" என்கிறோமே, அந்தக் கேஸ் இந்தக் குடும்பத்தில் சேராது. அது "விழுதல், நேர்தல்" என்ற பொருளுடைய வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டாளத்தில் ஓர் அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கு ஆங்கிலத்தில் "கேஷியர் செய்தல்" என்று ஒரு வினை உண்டு. அதுவும் வேறு. உடைத்தல், தள்ளுபடி செய்தல் என்ற பொருளில் பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது.

கேஷ்யூநட்?

அதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை, முந்திரி விலை எவ்வளவு ஏறினாலும். பிரேசிலின் துப்பி மக்கள் "அகஜு" என்றார்கள், போர்த்துக்கீசியர் "கஜு" என்றார்கள், ஆங்கிலத்தில் அது கேஷ்யூ.

அந்த இரண்டாவது கேஷைப் பத்திச் சொல்லுங்க சார். அது நெசமாவே நம்ம காசா?

நிஜமாகவே நம் காசு. இதைச் சொல்லத்தான் எனக்கு இந்தப் பக்கம் முழுவதும் ஆசை.

போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் வியாபாரத்துக்கு வந்தபோது, தென்னிந்தியக் கரைகளில் சில்லறை நாணயத்தைக் காசு என்று அழைப்பதைக் கேட்டார்கள். தங்கள் நாவுக்கு ஏற்ப அதைக் "கைஷா" என்று எழுதினார்கள். பெட்டிக்கு அவர்கள் மொழியில் இருந்த சொல்லும் அதே ஒலிதான். இரண்டு சொற்களும் பின்னால் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் "கைஷா"வை மலாக்கா, சாவகம் (ஜாவா) என்று கிழக்கே கொண்டுபோய், அங்கே புழங்கிய சிறு நாணயங்களுக்கும் சூட்டினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசை, கயிற்றில் ஆயிரம் ஆயிரமாகக் கோத்து வைப்பார்களே, அதை ஆங்கில நூல்கள் இன்றும் "கேஷ்" என்றுதான் சொல்கின்றன. சீனர்களுக்கு அப்படி ஒரு சொல்லே கிடையாது. சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! செய்தி அனுப்பியவர் இதை எழுதியிருந்தால் நானே நூறு பேருக்குப் பகிர்ந்திருப்பேன்.

நம் ஊர்ப்பக்கத்திலேயே அந்தக் கேஷ் சட்டபூர்வமாகப் புழங்கியது. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணக் கணக்கு இது: 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் காசு "கேஷ்" ஆகவும், பணம் "ஃபனம்" ஆகவும், வராகன் "பகோடா" ஆகவும் எழுதப்பட்டன. 1818இல் வராகனை விலக்கி ரூபாயை நிலைநிறுத்தினார்கள், மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்ற விகிதத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய்க்கு 12 பணம், 960 காசு.

1803லும் 1808லும் கும்பினி இங்கிலாந்தில் அடிக்க வைத்த செப்புக் காசுகள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் கிடைக்கின்றன. பர்மிங்காம் பக்கம் சோஹோ என்ற இடத்தில் மாத்தியூ போல்டன் நடத்திய நாணயச்சாலையில், நீராவி எந்திரத்தில் அடிக்கப்பட்டவை. ஒரு பக்கம் கும்பினியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் "இருபது காசு நான்கு ஃபலூஸ்" (ஃபலூஸ் என்பதும் செப்புக் காசுதான்) என்று இருக்கும், அதன் கீழே ரோமன் எழுத்தில் "இருபது கேஷ்". பாரசீக வரியிலும் நம் "காஸ்" இருக்கிறது, ஆங்கில வரியிலும் நம் காசு இருக்கிறது. மதுரைச் சீமை 1801இல் கும்பினி கைக்கு முழுதாகப் போய்விட்டது. சித்திரைத் திருவிழாவில் இந்தக் காசைக் கொடுத்து யாரோ ஒருவர் பானகம் வாங்கிக் குடித்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கப்பல் கதை ஒண்ணு சொன்னீங்களே, அதையும் எழுதுங்க.

1809 ஜனவரியில் "அட்மிரல் கார்ட்னர்" என்ற கும்பினிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. பீப்பாய் பீப்பாயாக 1808இல் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் அதில் இருந்தன. கென்ட் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் புயலில் மாட்டி உடைந்தது. நம் சந்தைக்கு வர வேண்டிய சில்லறை நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் அந்தத் திட்டின் மணலுக்குள் கிடந்தது. 1980களில் மூழ்காளர்கள் அதை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. பழைய காசு விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். நம் பக்கம் வந்து சேரப் புறப்பட்ட காசு, இருநூறு வருஷம் கழித்தாவது வந்து சேர்ந்ததே என்று அதைக் கையில் வைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

திருவிதாங்கூர்லயும் கேஷ் இருந்துச்சாமே?

இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். சங்கு பொறித்த சின்னச் செப்புக் காசில் "ஒரு கேஷ்" என்று ஆங்கிலத்திலேயே போட்டிருக்கும். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களின் பேச்சில் சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவள்தான் இன்றும் திருக்கோகர்ணத்தில் அரைக்காசு அம்மன். காணாமல் போன சாவியைத் தேடும்போது அவளுக்கு வேண்டிக்கொள்ளாத வீடு இந்தப் பக்கம் குறைவு.

காசுங்கற சொல் தமிழ்ல எவ்வளவு பழசு?

மிகப் பழையது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பாடியது: "வாசி தீரவே காசு நல்குவீர்." பஞ்ச காலத்தில் அடியாருக்குச் சோறிட, இறைவன் நாளுக்கொரு பொற்காசு அப்பருக்கும் சம்பந்தருக்கும் படிக்காசாக வைத்தார் என்பது தலபுராணம். சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதமானது. ஏன் என்று விசாரித்தால், அவருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துத்தான் மாற்றினார்கள். அந்தக் கழிவுக்குப் பெயர் வாசி. "வாசி இல்லாத நல்ல காசாகக் கொடு" என்று சாமியிடமே கேட்டுவிட்டார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நாணய மாற்றில் கழிவு பிடிக்கும் வழக்கம் இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கடைவீதிக்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பதிகம்.

சோழர் கல்வெட்டுகளில் காசு, ஈழக்காசு, பழங்காசு என்று வரும். கொடை கொடுத்த கணக்கெல்லாம் காசில்தான்.

இலக்கணத்துக்குள்ளும் காசு புகுந்திருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீர் "நாள், மலர், காசு, பிறப்பு" என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். "யாகாவா ராயினும் நாகாக்க" என்ற குறள் "சொல்லிழுக்குப் பட்டு" என்று முடிகிறதே, அந்தப் "பட்டு" காசு என்னும் வாய்பாடு. குற்றம் என்றும் காசுக்கு ஒரு பொருள் உண்டு. மணிக்கும் அந்தப் பெயர் உண்டு.

அந்தக் காசு சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றாரு.

பொன்னும் வெள்ளியும் நிறுக்கும் ஓர் எடைக்கு வடமொழியில் "கர்ஷ" என்று பெயர். காசு அதிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் குறிப்பிடுகின்றன. குறிப்பிடட்டும். சொற்கள் ஊர்விட்டு ஊர் போவது வியாபாரத்தோடு சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு அந்த நாணயப் பெயர் போன வழியில் நின்றது தமிழ்க் காசு என்பதில் சச்சரவு இல்லை. சண்டைக்கு வருகிறவரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

ஒலி ஒண்ணு, பொருளும் ஒண்ணு. அப்புறம் எப்படி வேற வேறன்னு சொல்றீங்க? இது உங்க ஊகமா?

நியாயமான கேள்வி. என்னிடம் படித்த ஒரு பெண் கேட்டாள், கேட்டதற்குப் பெருமைப்பட்டேன்.

ஒலியும் பொருளும் ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது. பாரசீகத்தில் "பத்" என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் "பேட்" என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் உறவு இல்லை. ஆங்கில "மச்", ஸ்பானிய "மூச்சோ" இரண்டும் மிகுதியைக் குறிப்பவை, அவற்றுக்கும் உறவு இல்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளை அருகருகே வைத்தால் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும்.

பிறகு எதைப் பார்ப்பது? சொல் நடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கேஷ் நம் காசிலிருந்து போயிருந்தால், அதன் முதல் பொருள் நாணயம் என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பெட்டி என்ற பொருள் ஆரம்பத்திலேயே இருக்கிறது. நாணயத்துக்குப் பெட்டி என்று பெயர் வருவதற்கு வழியில்லை, பெட்டிக்குள் இருப்பதற்குப் பெட்டியின் பெயர் வருவதற்கு வழி இருக்கிறது. கூடவே இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அண்ணன் தம்பிகள் அதே பொருளோடு நிற்கிறார்கள். இத்தாலியில் இன்றும் கடைகளில் பணம் கட்டும் இடத்தில் "கஸ்ஸா" என்றுதான் பலகை தொங்கும். ஆண்டை மட்டும் பார்த்தால் குழம்பிவிடுவோம், ஏனென்றால் இரண்டு கேஷும் ஆங்கிலத்தில் தலைகாட்டியது கிட்டத்தட்ட ஒரே காலத்தில். பொருளின் வரிசைதான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது.

தமிழ்ல இருந்து போன சொல்லே இல்லைன்னு ஆயிடுமே?

ஆகாது. கட்டுமரம் போயிருக்கிறது. சுருட்டு "செரூட்" ஆகிப் போயிருக்கிறது. மிளகுத்தண்ணி "முல்லிகடானி" என்ற பெயரில் வெள்ளைக்காரர் மேசையில் ஏறியது. கயிறு, மலையாளக் கரை வழியாக, "காயர்" ஆனது. பறை என்ற சொல்லும் போனது, ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்தும் வசையாக அங்கே மாறிப் போனது. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படி உறுதியான சொற்கள் இருக்கும்போது, "ஒன்று–ஒன், எட்டு–எய்ட்" என்று இல்லாத உறவைக் கட்டி எதற்குப் பெருமைப்பட வேண்டும்? ஆங்கில எய்ட்டுக்கு லத்தீனில் "ஒக்டோ", வடமொழியில் "அஷ்ட" என்று சொந்த அண்ணன்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பின்னால் அவர்கள் அதைப் பொய் என்று கண்டுபிடித்தால், உண்மையானதையும் சேர்த்தே நம்ப மாட்டார்கள். எனக்கு இதில் வருத்தமே அதுதான்.

துட்டு, சல்லி, இதெல்லாம்?

துட்டு டச்சுக்காரர் விட்டுப்போனது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் கோட்டைகளில் அவர்கள் புழங்கிய செப்பு நாணயத்தின் பெயர் "டொய்ட்". தினமும் டச்சு பேசுகிறோம், தெரியாமலே.

சல்லி என்றால் சின்னக் காசு. மாட்டின் கொம்பில் துணியில் சல்லிக்காசை முடிந்து கட்டி, அடக்கியவன் அவிழ்த்துக்கொள்வதால் சல்லிக்கட்டு என்று பெயர் வந்தது என்பது அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் சொல்லும் விளக்கம்.

கேஷுக்குத் தமிழ்ல என்னதான் சொல்றது சார்? ரொக்கம்னா பிள்ளைகளுக்குப் புரியல.

பேச்சில் கேஷ் என்றே சொல்லுங்கள், யாரும் தடுக்கவில்லை. எழுத்தில் ரொக்கம் நல்ல சொல், தயங்க வேண்டாம். வங்கிகளில் காசாளர், காசோலை என்ற சொற்கள் நன்றாக வேரூன்றிவிட்டன. காசு, ஓலை இரண்டும் சேர்ந்த காசோலை எவ்வளவு அழகு! யாழ்ப்பாணத்தில் மணியார்டரைக் காசுக்கட்டளை என்பார்கள். நாம் காசு என்றால் சில்லறை என்று சுருக்கிவிட்டோம், அவர்கள் பணம் முழுவதற்கும் காசு என்கிறார்கள்.

கொல்லங்குடியில காசு வெட்டிப் போடுறாங்களே, அதுவும் இந்தக் காசுதானா?

ஆமாம். சிவகங்கை பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில், அநியாயம் செய்யப்பட்டவர்கள் காசை வெட்டிப் போட்டு முறையிடுவார்கள். நீதி கிடைக்க வேறு வாசல் இல்லாதவர்கள் கடைசியாகப் போய் நிற்கும் இடம். அங்கே ரூபாய் நோட்டுக்கு வேலை இல்லை. உலோகம்தான் வெட்டுப்பட வேண்டும்.

எங்க தாத்தா பெட்டியில பழைய காசு இருக்கு. புளி போட்டுத் தேய்ச்சுப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும். எழுத்தும் அதோடு போய்விடும். பளபளப்பு வரும், காசு போய்விடும். ஈரம் இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை நாளடைவில் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும்.

வைகை மணலிலோ வயலிலோ புதையலாகக் கிடைத்திருந்தால் அது வேறு விஷயம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா பெட்டிக் காசு என்றால் ஒரு மாலை கடைக்குக் கொண்டுவாருங்கள். ஆறு மணிக்கு மேல் கூட்டம் குறையும், கல்லா மேசை விளக்கு வெளிச்சத்தில் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.